உப்பு திரும்பாத பிள்ளை

எங்க ஊர்ல உப்பை எறிஞ்சா திரும்பி வரணும். கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல வெள்ளைவெளேர்னு பரந்து கெடக்க இந்த உப்பளத்து மத்தியில, ஆளுயரத்துக்குக் கறுப்பா ஒரு கல்லு நிக்கு பாருங்க, அதான் அளத்தம்மன். ஆவணி மாசத்துக் கோயில் கொடையில ஊரே திரண்டு போயி கைப்பிடி கைப்பிடியா கல்லுப்பை அள்ளி அவ மேல எறிவோம், எறிஞ்சதுல ஒரு பரலாவது தெறிச்சு வந்து நம்ம உடம்புல பட்டுட்டுன்னா, நாம சொன்னது அம்மன் காதுல விழுந்துட்டுன்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டு வீட்டைப் பாக்கப் போவோம். படிச்சவன் சிரிப்பான், சிரிச்சிட்டுப் போகட்டும், அவன் வீட்டுக் குழம்புலயும் எங்க உப்புதான் கெடக்கு. இதைச் சொல்லாம சந்தனமாரி கதையைச் சொன்னா உங்களுக்கு விளங்காது.

சந்தனமாரி எனக்குப் பக்கத்து வீடு, அளத்துலயும் எனக்குப் பக்கத்துப் பாத்தி. புருசன் உப்பு லாரியில ஏறிப் போனவன் போனவன்தான். ஒத்தை மக, பிரம்மசக்தி, பதினொண்ணாம் வகுப்பு. "எக்கா, எங் காலைப் பாத்தியா, உப்பு தின்ன காலு, இந்த வெடிப்பு எம் மக காலுக்கு வரப்படாதுக்கா, அது பூட்ஸு போட்டு ஆபீஸுக்குப் போணும்"பா. "பூட்ஸு இருக்கட்டும், முதல்ல அவ தலையை விடுட்டி, இழுத்து இழுத்து முடியைப் பூராப் பிடுங்குத"ம்பேன் நான். தினமும் காலையில மகளை வாசப்படியில உக்கார வச்சு, எண்ணெய் தேச்சு, சிக்கெடுத்து, ரெட்டைச் சடை பின்னி அனுப்பாம அவ அளத்துக்கு இறங்கினதே கெடையாது.

கெமிஸ்ட்ரி சார் தாணுமூர்த்தி நாகர்கோவில் பக்கத்து ஆளு. நல்ல மனுசன், ஆனா பாடம் எடுக்க ஆரம்பிச்சாருன்னா தரையில கால் பாவாது. ஆனி மாசத்துல ஒரு நாள் அணுவைப் பத்தி எடுத்திருக்காரு. உலகத்துல உள்ள எல்லாமே அணுதான், பெஞ்சு அணு, சுவரு அணு, நீ அணு, நான் அணு, ஒரு அணுவை நம்ம பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஊதிப் பெருசாக்கினா, அதோட கரு நட்ட நடுவுல ஒரு கடுகு கணக்கா கெடக்கும், கனம் பூரா அந்தக் கடுகுக்குள்ளதான், மிச்சம் உள்ள இடமெல்லாம் வெறும் வெளி, அதுல கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் சுத்துதுன்னு கையை விரிச்சுச் சொல்லியிருக்காரு. பிரம்மசக்தி எந்திரிச்சு நின்னு, "அப்போ நானும் வெறும் வெளிதானே சார், பெஞ்சும் வெறும் வெளிதானே, பிறகு எப்படி சார் பெஞ்சு என்னைத் தாங்குது?"ன்னு கேட்டிருக்கா. சார் வாயைத் திறக்க, மணியடிச்சிட்டு. "நல்ல கேள்வி பிள்ளே, நாளைக்குச் சொல்லுதேன், உக்காரு"ன்னிருக்காரு. உக்காந்தா. பெஞ்சு தாங்கல.

நெய்க்குள்ள கரண்டி இறங்கின மாதிரி பெஞ்சுக்குள்ள இறங்கி, திடுக்கிட்டு எந்திரிச்சு, பெஞ்சுக்கு நடுவுல நின்னுக்கிட்டு முழிச்சாளாம். உள்ளங்கால் ரெண்டு மட்டும் தரையில நின்னுச்சு. அது ஏன் நின்னுச்சு, போட்டிருந்த உடுப்பு ஏன் நின்னுச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க, மானத்தைக் காக்கணும்னு அம்மனுக்குத் தோணியிருக்கும்.

மறுநாள் காலையில நான் முத்தத்துல தண்ணி தெளிச்சிக்கிட்டு நிக்கேன். சந்தனமாரி எண்ணெய்க் கிண்ணத்தோட வாரா, மக வாசல்ல நிக்கா. எண்ணெயை உச்சியில வைக்கா, எண்ணெய் தலை வழியா, கழுத்து வழியா, நெஞ்சு வழியா ஒழுகித் தரையில சொட்டுது. சீப்பை வச்சு இழுக்கா, சீப்பு அந்தப் பக்கம் வருது. ஏ யம்மான்னு கத்திக்கிட்டு மகளைக் கட்டிப்பிடிக்க ஓடினா பாருங்க, ஓடின வேகத்துல மகளுக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் போயி என் வேலியில முட்டிக்கிட்டு நின்னா. திரும்பிப் பாத்தா, மக அதே இடத்துல நின்னுக்கிட்டு, "எம்மா, எனக்கு வலிக்கலம்மா, நீ அழாத"ங்கா.

ஊருன்னா ஊருதான், ஒரு வாரம் வாயைப் பொளந்துச்சு, அடுத்த வாரம் அவகிட்ட வேலை ஏவ ஆரம்பிச்சிட்டு. சாவியைத் தொலைச்சவ, "ஏட்டி சத்தி, செத்த உள்ள போயி சாவி எங்கன கெடக்குன்னு பாத்துச் சொல்லு"ன்னா. மோட்டாரு நின்னு போச்சுன்னா, "தலையை விட்டுப் பாரு தாயி, வயரு எதும் அத்துருக்கா"ன்னு கேட்டான் அளத்துக் கணக்கப்பிள்ளை. மூணாவது வீட்டுக்காரி, புருசன் கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கானா தூங்குதானான்னு சுவருக்குள்ள மூஞ்சியை விட்டுப் பாக்கச் சொன்னா, இந்தப் பிள்ளையும் பாத்து, "தூங்குதாரு அத்தே"ன்னு பொய் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாத்திச்சு. சின்னஞ்சிறுசுக எல்லாம் வரிசையில நின்னு அவளுக்குள்ள ஓடி ஓடி விளையாடும், உள்ள நுழைஞ்சு வெளிய வந்தா நாக்குல லேசா உப்புக் கரிக்கும்னு சொல்லும். கஞ்சி குடிச்சா காலடியில கொட்டிப் போகும்னு, ஆவியை மட்டும் மோந்துக்கிட்டு உயிரை வச்சிருந்தா. ரேஷன் கடையில அவ விரலை மெஷின்ல வச்சா ரேகை விழல, ஆள் இல்லைன்னு பச்சை எழுத்துல வந்துட்டு. "ஆள் நிக்காளே, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"ன்னு சந்தனமாரி கேக்க, "எனக்குத் தெரியுது தாயி, மெஷினுக்குத் தெரியலையே"ன்னுட்டான் கடைக்காரன்.

எல்லாருக்கும் அவ வேடிக்கை, சந்தனமாரிக்கு மட்டும் அவ மக. தொடணும், அவ்வளவுதான் அவ கேட்டது. குணமாகணும்னு கூட நேர்ச்சை வைக்கல, ஒரே ஒரு தரம் கையில எம் பிள்ளை தட்டுப்படணும் தாயேன்னுதான் அந்தக் கறுப்புக் கல்லு முன்னால விழுந்து கெடந்தா.

சார் வாராவாரம் வந்தாரு, மனுசன் பாதியா மெலிஞ்சு போனாரு. முத வாரம் வந்து, அணுங்கது கோலிக்குண்டு மாதிரி கெட்டி, அதை உடைக்கவே முடியாதுன்னு டால்டன்னு ஒரு வெள்ளைக்காரர் சொன்னாருன்னாரு. அப்படியா, அப்போ இவ குண்டெல்லாம் சிதறிப் போச்சு போலன்னு நாங்க ஈரச் சேலையைக் கொண்டு அவளைச் சுத்திச் சுத்திக் கட்டினோம், சேலை நழுவித் தரையில கெடந்துச்சு. அடுத்த வாரம் வந்து, இல்ல, அதுக்குள்ளயும் பொடிசு பொடிசா எலக்ட்ரான் இருக்கு, தர்ப்பூசணிக்குள்ள விதை மாதிரின்னு தாம்சன்னு ஒருத்தரு கண்டுபிடிச்சாருன்னாரு. விடுவோமா, வண்டி நிறைய தர்ப்பூசணியை இறக்கி அவ காலடியில வெட்டிப் படைச்சோம், ஈ மொய்ச்சதுதான் மிச்சம். பிறகு, அதுவும் சரியில்ல, நடுவுல கரு, சுத்தி எலக்ட்ரான், சூரியனைச் சுத்திக் கிரகம் சுத்துற மாதிரின்னாரு. கிரகம்னு அவரு வாயில வந்ததுதான் தாமசம், நவக்கிரகத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஒம்பது சுத்து சுத்த வச்சோம், அவ சுத்துல நடக்காம நேரா சனீஸ்வரனுக்குள்ள புகுந்து வந்துட்டா, அய்யரு கையில இருந்த தட்டைப் போட்டுட்டாரு. கடைசியா வந்து, இப்போ உள்ளவங்க அதையும் ஒத்துக்கிடல, எலக்ட்ரான் ஒரு மேகம் மாதிரி, இந்த இடத்துல இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இருக்கலாம்னுதான் சொல்ல முடியும்னாரு.

சந்தனமாரி அதுவரைக்கும் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தவ, தலையை நிமிர்த்தினா. "ஏன் சார், ஒருத்தன் சொன்னதை அடுத்தவன் இல்லேங்கான், அவன் சொன்னதை இன்னொருத்தன் இல்லேங்கான், அது அவுங்க பாடு. பெத்தவகிட்ட வந்து இருக்கலாம்னா சொல்லுதீங்க?"ன்னா. சார் பெஞ்சு கேள்விக்குப் பதிலை அன்னைக்கு மெல்லத்தான் சொன்னாரு, பெஞ்சோட எலக்ட்ரானும் நம்ம எலக்ட்ரானும் ஒண்ணையொண்ணு கிட்ட சேர விடாது தாயி, அந்தத் தடைதான் எல்லாரையும் தாங்குது, மணியடிச்சாலும் அதைச் சொல்லிட்டுப் போயிருக்கணும்னு கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. நாளைக்கு நாளைக்குன்னவன் வீட்டுல நல்லது நடந்திருக்கா, சொல்லுங்க.

ஆவணி வந்துச்சு, கொடை வந்துச்சு. எங்க கோமரத்தாடி சுடலைக்கண்ணு, அவன் மேலதான் அம்மன் இறங்கி வாக்குச் சொல்லுவா, அவன் ஆடி முடிச்சு வேப்பிலையை நீட்டி, "அந்தப் பிள்ளை பிள்ளையில்லடே, அவ நாந்தாண்டே"ன்னுட்டான். குலவைச் சத்தம் காதைக் கிழிச்சுச்சு. பிரம்மசக்தியைக் கொண்டு போயி கல்லுக்குப் பக்கத்துல நிறுத்தினோம். சந்தனமாரி குறுக்க வந்து விழுந்தா, "அது எம் மகயா, அம்மன் இல்ல, வேண்டாம்யா, எறியாதீங்கய்யா"ன்னா. ஊரு கேக்குமா? ஆளுக்கொரு கைப்பிடி எறிஞ்சோம். நானும்தான் எறிஞ்சேன். உப்பு அவளுக்குள்ள போயி முதுகு வழியா வெளிய விழுந்துச்சு. ஒருத்தர் மேலயும் ஒரு பரல் திரும்பி வரல. கொட்டு நின்னுச்சு, குலவை நின்னுச்சு, சுடலைக்கண்ணு வேப்பிலையைக் கீழ போட்டுட்டு, "உள்ள யாரும் இல்லடே"ன்னான்.

அவ்வளவுதான் தீர்ப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாவள்லா, எங்க ஊர்ல உப்புத் திரும்பாத உடம்புக்கும் அதே கதிதான். சாவி தேடக் கூப்பிட்டவ கூப்பிடல, பிள்ளைக ஓடி விளையாடல, தெருவுல அவ எதுக்க வந்தா ஒதுங்காம அவளுக்குள்ள நடந்து போனாவ, போயிட்டு நாக்கைத் துடைச்சிக்கிட்டாவ. கொடை முடிஞ்ச மறுநாள் அவ பாதம் கணுக்கால் வரைக்கும் மண்ணுல இறங்கியிருந்துச்சு. தாங்கிட்டு இருந்த உள்ளங்காலும் கையை விரிச்சிட்டு. இழுத்து எடுக்கலாம்னா எதைப் பிடிச்சு இழுக்க? புரட்டாசியில முழங்கால் போச்சு, ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாம அளத்து ஓரத்துல, குவிச்சு வச்ச உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்துல நின்னு போனா. ஐப்பசி பிறக்கையில இடுப்பு வரைக்கும் மண்ணு. குரலும் தேஞ்சு போச்சு, காத்தடிச்சா காத்துதான் கேக்கும். சந்தனமாரி வீட்டுக்குப் போறதை விட்டுட்டா, அங்கனயே மண்ணுல உக்காந்து, இருக்க இருக்கக் கீழ போற மகளோட கண்ணுக்கு நேரா தன் கண்ணை வச்சிக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு போனா.

சார் மட்டும் வந்துக்கிட்டு இருந்தாரு. ஒரு நாள் மத்தியானம், வானம் வடக்க கறுத்துக்கிட்டு வருது, மழை இறங்கினா அம்பாரம் கரைஞ்சிருமேன்னு நாங்க ஓலை போட்டு மூட ஓடுதோம், அப்ப சந்தனமாரி சாரைப் பாத்து, "சார், உள்ள கடுகு இருக்குன்னு சொன்னீங்களே, அது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாதுன்னீங்களே, பிறகு எப்படிக் கண்டுபிடிச்சாவ?"ன்னு கேட்டா.

"எறிஞ்சு பாத்தாங்க தாயி."

"எதை?"

"தங்கத்தைத் தகடா அடிச்சு, அது மேல பொடிப்பொடித் துகளா எறிஞ்சாங்க. ரூதர்ஃபோர்டுன்னு ஒருத்தர், அவரோட ஆளுக. எல்லாம் தகட்டுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிட்டு. ஆயிரம் ஆயிரமா எறிஞ்சும் போயிட்டே இருந்துச்சு. ஆனா எப்பவாச்சும் ஒண்ணு, எதுலயோ முட்டி, எறிஞ்ச பக்கமே திரும்பி வந்துச்சு. அதை வச்சுத்தான் உள்ள ஏதோ கெட்டியா இருக்குன்னு தெரிஞ்சுது."

சந்தனமாரி எந்திரிச்சா. "ஆயிரம் ஆயிரமா எறிஞ்சானா?" எங்களைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "நீங்க ஆளுக்கு ஒரு கைப்பிடிதானடி எறிஞ்சிய!"

மூட வந்த ஓலையைப் பிடுங்கி வீசிட்டு அம்பாரத்துல கையை விட்டா. அள்ளினா, எறிஞ்சா. போச்சு. அள்ளினா, எறிஞ்சா. போச்சு. மண்ணுக்கு மேல மார்பும் முகமுமா நின்ன பிள்ளை அம்மையைப் பாத்துக்கிட்டே நிக்கி, உப்பு அது மூஞ்சிக்குள்ள போயி அந்தப் பக்கம் விழுது. அடிமேல அடிச்சா அம்மியும் நகரும்பாவ, ஆனா அங்கன அம்மியே இல்லையே, காத்தை அடிக்க மாதிரில்லா அடிக்கா. "விட்டுருட்டி, கையெல்லாம் ரத்தம்"னேன். கல்லுப்பு அவ உள்ளங்கையை அறுத்து, எறியுற உப்பு செவந்து போகுது. அவ விடல. எனக்குப் பொறுக்கல, நான் ஓலைப் பெட்டியில உப்பை வாரி அவ கைக்கு எட்டுற மாதிரி கொண்டு வச்சேன். என்னைப் பாத்து இன்னொருத்தி வந்தா, பிறகு தெருவே வந்துச்சு, கணக்கப்பிள்ளை முதலாளி கேப்பாருன்னு கத்தினவன் கத்திக் கத்தி அவனும் ஒரு பெட்டியைத் தூக்கினான். நாங்க வாரிக் குடுக்கக் குடுக்க அவ ஒருத்தியே எறிஞ்சா, ஏன்னா யார் மேல திரும்பணும்னு எங்களுக்குத் தெரியும். அம்புட்டு அம்பாரமும் பரல் பரலா அந்தப் பிள்ளைக்குள்ள நுழைஞ்சு, இந்தப் பக்கம் குறையக் குறைய அந்தப் பக்கம் குவிஞ்சுச்சு. பிள்ளை கழுத்து வரைக்கும் போச்சு, தாடை போச்சு, வாய் போச்சு. கடைசிப் பெட்டி. மொதத் துளி மழை என் தோள்ல விழுது. ரெண்டு கண்ணும் நெத்தியும் மட்டும் மண்ணுக்கு மேல இருக்கு.

சந்தனமாரி குப்புற விழுந்து, மக கண்ணுக்கு நேரா முகத்தை வச்சிக்கிட்டு, விரலால ஒவ்வொரு பரலாத் தெறிச்சு விட்டா. "எம்மோ, இருக்கியா, எம்மோ, சொல்லும்மா." போச்சு. போச்சு. போச்சு.

டக்குன்னு ஒரு சத்தம்.

ஒரே ஒரு பரல், ரெண்டு புருவத்துக்கும் நடுவுல எதுலயோ முட்டித் திரும்பி வந்து, சந்தனமாரி கீழுதட்டுல அடிச்சுக் கிழிச்சிட்டு. ரத்தத்தோட அந்த உப்பை நக்கிக்கிட்டே, "இருக்கா! எக்கா, இருக்கா! எம் மக இருக்கா!"ன்னு அவ போட்ட கூப்பாட்டுல தண்டவாளத்துல போன ரயில்காரன் எட்டிப் பாத்தான். பரல் முட்டின இடத்துக்கு ரெண்டு கையையும் விட்டா, மக நெத்திக்குள்ள விட்டு, எதையோ ஏந்தினா. ஏந்தினதும் முழங்கை வரைக்கும் நரம்பு புடைச்சுச்சு. நாங்க நாலு பேரு சேந்து அவளை இடுப்பைப் பிடிச்சுத் தூக்கினோம், ஒரு ஆள் கனம் இல்ல, ரெண்டு ஆள் கனம். மழை பிடிச்சிட்டு. மண்ணுக்கு மேல கெடந்த நெத்தியும் கண்ணும் மழையில கலங்கி இல்லாம போச்சு. அவ கையில என்ன இருக்குன்னு எட்டி எட்டிப் பாத்தோம், ஒண்ணும் தெரியல. கடுகளவு கூட இல்ல. அது பூரா ஒரு பதினாறு வயசுப் பிள்ளையோட கனம்.

இன்னைக்கும் நீங்க போயி பாக்கலாம். ரெண்டு உள்ளங்கையையும் சேத்து ஏந்திக்கிட்டு, முன்னால சாஞ்சுக்கிட்டு, மெதுவா நடந்து வருவா. வேற யாரு கையிலயும் அது நிக்காது, நான் ஒரு தரம் வாங்கப் போயி அது என் கைக்குள்ள நழுவினதும் அவ கீழ கையைக் குடுத்துப் பிடிச்சா, அதோட நான் கேக்குறதை விட்டுட்டேன். ஏன் அவ கையில மட்டும் நிக்குன்னு சாரைக் கேட்டோம், தெரியலைன்னாரு, அதுக்கு மேல ஒரு வெள்ளைக்காரரையும் கூப்பிடல. கீழயும் வைக்க முடியாது, வச்சா மண்ணு தாங்காது. அவ உக்காந்து கண்ணசரும்போது கை தளந்துரப்படாதுன்னு நாங்க பொம்பளைக முறை வச்சு, அவ புறங்கைக்குக் கீழ எங்க கையைக் குடுத்துக்கிட்டு உக்காருவோம். சோத்தையும் நாங்கதான் பிசைஞ்சு ஊட்டுதோம். போன ஆவணிக் கொடையில உப்பெறியும்போது யாரும் ஒரு கைப்பிடியோட நிறுத்தல.

நேத்து நான் ஊட்டிக்கிட்டு இருந்தேன், ரசஞ்சோறு. "எக்கா, கொஞ்சம் கனம் கூடியிருக்குக்கா, பிள்ளை வளந்துக்கிட்டு வாரா"ன்னு சிரிச்சா. நாலு வருசத்துல நேத்துத்தான் அவ பல்லைப் பாத்தேன். சிரிச்ச வாய் அப்படியே கோணிக்கிட்டு வந்துச்சு. "நான் செத்துப் போனா இவளை யாருக்கா பிடிப்பா?"ன்னா.

நான் இடது கையை அவ கைக்குக் கீழ குடுத்து அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். வலது கையில அடுத்த உருண்டையை உருட்டி, "வாயைத் திற"ன்னேன்.